மாதம் பார்த்து மலை ஏறினோம்

எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்தோம். இந்தியாவின் இயற்கையை நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். ஆகஸ்டில் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு பூத்துக் குலுங்கும். அதே மாதத்தில் அசாமின் காசிரங்கா தேசியப் பூங்கா மூடிக்கிடக்கும். டார்ஜிலிங் பக்கத்துச் சிங்கலீலா தேசியப் பூங்கா செப்டம்பர் நடுப்பகுதி வரை திறக்காது. சிரபுஞ்சியிலோ மழை கொட்டித் தீர்க்கும்.

மனைவியும் நானும் மாதக் காலண்டரை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திறந்திருக்கும் காலத்தையும் மழைக் காலத்தையும் பென்சிலால் குறித்ததும் பயணம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது: ஆகஸ்டில் உத்தராகண்ட், அக்டோபர் கடைசியில் கிழக்கு. மகாராஷ்டிரத்தின் காஸ் பீடபூமியை மனமில்லாமல்தான் விட்டோம். அது செப்டம்பரில் பூக்கும். இங்கிருந்து தனியாகவே போய்வரலாம்.

உடம்பைப் பழக்கத் திருவண்ணாமலை கிரிவலப் பாதை உதவியது. 14 கிலோமீட்டரை முதுகுப் பையோடு நடந்தோம். ஏற்றத்துக்குப் பர்வதமலை.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அதனால் போகிற டிக்கெட்டும் திரும்புகிற டிக்கெட்டும் வெவ்வேறு நாளில்தான் கைக்கு வரும். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகும் சாலையில் மழைக்காலத்தில் மண்சரிவு சர்வசாதாரணம். மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் ரயில் ஏறும் நாளுக்கும் நடுவே ஓரிரு நாளைக் காலியாக விட்டிருந்தோம். எங்கள் திட்டத்தில் மிகவும் பயன்பட்டவை அந்த வெற்று நாட்கள்தான். வழியில் பாறை சரிந்து பஸ் நின்றபோது, எந்தப் பதற்றமும் இல்லாமல் சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

பத்ரிநாத் சாலையில் உள்ள கோவிந்த்காட் என்ற ஊருக்கு மேலே, வாகனம் போகும் கடைசி ஊர் புல்னா. அங்கிருந்து, மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் காங்கரியா கிராமத்துக்கு நடை. கோவேறு கழுதைகள் வரும்போது மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. பள்ளத்தாக்கினுள் இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் வாசல் திறந்ததும் நுழைந்துவிட்டால்தான் உள்ளே நிதானமாக நடக்க நேரம் கிடைக்கும். இளஞ்சிவப்பாகச் சரிவு முழுக்கப் பரவியிருந்த செடியைக் குனிந்து பார்த்தேன். முதிர்ந்த காயைத் தொட்டதும் வெடித்து விதை தெறித்தது. நம் வீட்டு வாசலில் பூக்கும் காசித்தும்பையின் இனம்தான் அது; இங்கே ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பூக்களைத் தேடி வந்து 1939இல் வழுக்கி விழுந்து இறந்த தாவரவியலாளர் ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. அதுவரை நடந்து போய், சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

அக்டோபர் கடைசியில் சிங்கலீலாவின் சந்தக்பூ சிகரம், 3,636 மீட்டர். மானேபஞ்சாங்கிலிருந்து தும்லிங், காலாபோக்ரி வழியாக ஏறும் பாதை நேபாள எல்லையை ஒட்டியே போகிறது. அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், வழிகாட்டி கட்டாயம். ஜீப்பிலும் போகலாம். ஆனால் படிப்படியாக ஏறினால்தான் மெல்லிய காற்று உடம்புக்குப் பழகும். அக்டோபர் நடுப்பகுதியோடு பருவமழை வடகிழக்கைவிட்டு விலகிவிடுவதால் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. விடியற்காலையில் கஞ்சன்ஜங்காவின் உச்சியில் முதலில் வெளிச்சம் பட்டது. தூரத்தில் இடப்புறம் எவரெஸ்ட். என் மனைவி கைகூப்பியபடி நின்றாள்.

நவம்பரில் மேகாலயாவின் நோங்ரியாட் கிராமம். தைர்னா கிராமத்திலிருந்து 3,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். முழங்காலுக்குக் கைத்தடி அவசியம். மேகாலயாவின் காசி பழங்குடி மக்கள் ரப்பர் அத்தி மரத்தின் வேர்களை ஓடையின் குறுக்கே பல்லாண்டுகள் வளர்த்து உருவாக்கிய இரட்டை அடுக்குப் பாலம் அங்கே இருக்கிறது. இறங்கிய அன்றே ஏறிவராதீர்கள். கிராமத்திலேயே தங்குங்கள், பகல்கூட்டம் போனபிறகு பாலத்தில் நிதானமாக நடக்கலாம்.

மேகாலயாவுக்கு நமக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். அருணாசலத்துக்கு வேண்டும். அடுத்து அங்கே உள்ள நம்தாபா காட்டுக்குப் போக நினைத்திருக்கிறோம். காலண்டரில் பிப்ரவரியைக் குறித்தாகிவிட்டது.