அஸ்வெசும எடுக்கிற தகப்பன் தாபரிப்புக் கட்டவேணுமா?

திருகோணமலை நீதவான் நீதிமன்ற வாசலில் தாபரிப்பு, அதாவது மனைவி பிள்ளைகளின் செலவுக்குக் கட்டுகிற மாதக் காசு, சம்பந்தமான வழக்குக்கு வந்து நிற்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "நானே அஸ்வெசுமவில சீவிக்கிறன், என்னட்ட என்னத்தக் கேக்கிறது?" உள்ளே போனால் அது மட்டும் எடுபடாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் கேட்பது "போதிய வசதி" உண்டா என்பதைத்தான். உழைக்கக்கூடிய உடம்பும் அந்தக் கணக்கில் சேரும். நோயாலோ அங்கவீனத்தாலோ பிச்சைச் சம்பளம் என்று சொல்கிற அரச மாத உதவிப்பணம் எடுப்பவரின் நிலை வேறு. அவர் வைத்திய அறிக்கையோடு போகவேணும்.

அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக் காசு; அது தனி ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு வருவது. மிக வறிய குடும்பத்துக்கு 2025 முதல் மாதம் 17,500 ரூபா. அதில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்பதை விதானையாரின் (கிராம உத்தியோகத்தரின்) கடிதத்தோடு காட்டினால் தொகையைக் குறைத்துக் கேட்க இடமுண்டு. கடலுக்குப் போகிறவர், தொழில் குறைந்த வாடைக்காலத்து வருமானத்தை மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள். வருசம் முழுவதையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்துச் சொல்வதே நல்லது. வழக்குத் தவணைக்கு வராதவருடைய கஷ்டத்தை அவருக்காக வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

தாபரிப்புக் கேட்கும் பக்கம் கொண்டுபோகவேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பால்மா, கொப்பி, வகுப்புக்காசு என்று எழுதிய மாதச் செலவுக் கணக்கு. பதிவுத் திருமணம் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கேட்கலாம், ஆனால் தகப்பன் யாரென்பதை வலுவான சாட்சியத்தால் காட்டவேணும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகுதான் பெரிய பிழைகள் நடக்கின்றன. சப்பாத்து, உடுப்பு வாங்கிக் கொடுத்ததையும் கையில் கொடுத்த காசையும் தாபரிப்பாகக் கழிக்கலாமென்று பலர் நினைக்கிறார்கள். மற்றப் பக்கம் மறுத்தால் ஒன்றும் நிற்காது. கட்டளையில் சொன்ன வழியிலேயே கட்டி, கட்டிய துண்டை (பற்றுச்சீட்டை) வைத்திருக்கவேணும். மாதச் சம்பளக்காரரின் சம்பளத்தில் கழிக்கக் கட்டளையிடலாம். நாட்கூலிக்காரரிடம் கழிக்கச் சம்பளமில்லை, அவர் கட்டாவிட்டால் பிடியாணை வரலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

தொழில் போனால் நிலுவை ஏறும்வரை பார்த்திருக்காமல், உடனே அதே நீதிமன்றத்தில் தொகையை மாற்றக் கேட்டு மனுப் போடவேணும். செலவு கூடினால் தாய்க்கும் அதே வழி உண்டு.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைச் செலவுக்கு முதலில் போகவேண்டியது முஸ்லிம்களின் விவாக, விவாகரத்து விடயங்களைப் பார்க்கிற காதி நீதிமன்றத்துக்கு.