காலை ஐந்தரை மாத்திரை

டிசம்பர் 19
திருச்சியில் மார்கழிக் குளிர் அப்படி ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் எல்லோரும் ஃபேன் போட்டுத் தூங்குகிறார்கள், நான் மட்டும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு இரண்டு போர்வைக்குள் கிடக்கிறேன். ஆறு மாதமாக இப்படித்தான். சீப்பு நிறைய முடி. குரல் கம்மி, வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் "மிஸ், கேக்கல" என்கிறார்கள். பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால் பத்துத் தாளில் கண் சொக்குகிறது.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டிஎஸ்எச் 46. ஏறக்குறைய நாலுக்குள் இருக்க வேண்டியது. தைராய்டு போதுமான அளவு சுரக்காதபோது, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அதை "சுர, சுர" என்று விரட்டும். அந்த விரட்டல்தான் இந்த 46. பார்த்ததும் அழுதுவிட்டேன். பயந்து இல்லை. சோம்பேறி ஆகிவிட்டேன் என்று என்னை நானே எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

டிசம்பர் 27
ஆன்டிபாடியும் இருக்கிறது. ஹஷிமோட்டோ வகையாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. 75 மைக்ரோகிராம் மாத்திரை, அனேகமாக ஆயுசுக்கும்.

ஆயுசுக்குமா என்று மனசு கனத்தது. அப்புறம் ஒன்று படித்தேன். 1891ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு குறைபாடு முற்றிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதன் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். எனக்கு ஒரு சின்ன மாத்திரை போதும். சரி, போட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16
ஏழு வாரம் ஒரு நாள் விடாமல் போட்டும் டிஎஸ்எச் 31. டாக்டர் டோஸைக் கூட்டவில்லை. "காபி எத்தனை மணிக்கும்மா?" என்றுதான் கேட்டார். ஐந்தரைக்கு மாத்திரை, ஐந்தே முக்காலுக்குக் காபி. டிபன் முடிந்ததும் ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை. இரண்டுமே தைராய்டு மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். காபிக்கு ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும், இரும்புக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? ஏழு வாரம் போச்சே.

பிப்ரவரி 17
தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு ஆறரை வரை காத்திருந்தேன். ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, வீடு முழுக்க அந்த வாசனை. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். மணி ஆறு. கீரை ஆய்ந்தேன். ஆறே கால்தான்!

ஏப்ரல் 9
டிஎஸ்எச் 3.8. அதே 75தான், நேரம் மட்டும்தான் மாறியது. முடி இன்னும் கொட்டுகிறது, அதற்குச் சில மாதம் பிடிக்குமாம். ஆனால் நேற்று நாற்பது தாள் ஒரே மூச்சில் திருத்தினேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். இந்த வெயிலில் ஃபேனை ஒன்றில் வைத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள். முகம் உப்பியிருக்கிறது. புருவத்தின் ஓரத்தில் முடியே இல்லை. எத்தனை வருஷமாகப் பார்க்கும் முகம், இன்றுதான் உறைத்தது.

ஏப்ரல் 12
அம்மாவுக்கு டிஎஸ்எச் 24. வயதைப் பார்த்து 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்திருக்கிறார்கள், இதயத்துக்குச் சிரமம் கொடுக்காமல் மெதுவாகக் கூட்டுவார்களாம். ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உங்க பாட்டி என்னை மந்தம் மந்தம்னே சொல்லுவாங்கடி" என்றாள்.