திரும்பத் திரும்ப வந்த கட்டியும் பி.வி.எல் பரிசோதனையும்

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். முதலில் கணவருக்குத் தொடையில் கட்டி வந்தது. அப்புறம் எனக்கு அக்குளில், பிறகு மகளுக்கு முதுகில். ஊரிலிருந்து அம்மா போனில், "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க" என்றார். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் மாத்திரை தந்தார்கள். ஆறும், சில வாரங்களில் வேறு இடத்தில் கிளம்பும். கணவருக்குக் கட்டியைக் கீறிவிட்ட மருத்துவர்தான் முதன்முதலாகச் சீழை ஸ்வாபில் (பரிசோதனைக்கான பஞ்சுக் குச்சியில்) எடுத்து, பி.வி.எல் இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டு அனுப்பினார். இருந்தது.

பேன்டன்-வாலன்டைன் லூக்கோசிடின் என்பதன் சுருக்கம் அது. பேன்டன், வாலன்டைன் என்ற இருவர் 1932-இல் விவரித்த நச்சு. அதைச் செய்வது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. இந்தக் கிருமி ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. அதில் சில வகைகளிடம் மட்டும், பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ் ஒன்று கொண்டுவந்து சேர்த்த இரண்டு மரபணுக்கள் உண்டு. இரண்டும் ஆளுக்கொரு புரதத்தைச் செய்கின்றன. ஒன்று நம் ரத்த வெள்ளணுவின் மேலிருக்கும் சி5ஏ ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றது வந்து சேர்ந்ததும், நான்கும் நான்குமாக எட்டுப் புரதங்கள் வளையமாகக் கூடி அணுவின் சவ்வில் துளை போட்டுவிடும். கிருமியை விழுங்க வந்த அணுவே செத்துப்போகிறது. எங்கள் கட்டிகளில் ஏன் அவ்வளவு சீழ், ஏன் அவ்வளவு வலி என்பது இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. எலியின் வெள்ளணுக்களை இந்த நச்சு பெரிதாகப் பாதிப்பதில்லை, மனித அணுக்களைத்தான் குறிவைக்கிறது என்பது எனக்கு இன்றும் திகைப்பாக இருக்கிறது.

சரி, சிகிச்சை. முதலில் எல்லாருடைய கட்டிகளும் முழுக்க ஆற வேண்டும். புண் இருக்கும்போது கிருமியை விரட்ட முயன்றால் பலன் இருக்காது. கணவருக்குக் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தந்தார்கள். கிருமி நச்சு செய்வதையே அது குறைக்குமாம்.

அதன்பின் மூக்கிலும் தோலிலும் இருக்கும் கிருமியை விரட்டும் வேலை, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் ஐந்து நாள். மூக்கினுள் மியூபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு தினம் மூன்று வேளை. நான்கு சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் தினமும் குளியல், இடையிடையே தலைக்கும். அதைத் தேய்த்தவுடன் கழுவக் கூடாது, ஒரு நிமிடமாவது உடம்பில் இருக்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு எதையும் விடக் கூடாது. துண்டும் படுக்கை விரிப்பும் தினமும் மாற்றி, சுடுநீரில் துவைத்தோம். துண்டு, ரேசர் எதையும் பகிரவில்லை. மருந்தைவிடத் துணி துவைப்பதுதான் பெரிய வேலை. மகளுக்குத் தோல் வறண்டு அரித்தது. மூக்கில் களிம்பு வைக்க ஒவ்வொரு வேளையும் கெஞ்ச வேண்டியிருந்தது. "எனக்கு இப்போது ஒன்றுமில்லையே" என்று கணவர் நழுவப் பார்த்தார், விடவில்லை. ஒருவர் விட்டால் அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் திரும்பிவிடும்.

எனக்கும் கணவருக்கும் அதோடு நின்றது. மகளுக்குச் சிறிய கட்டி ஒன்று மறுபடி வந்ததால், ஆறியபின் எல்லாரும் இன்னொரு சுற்று செய்தோம்.

அடிக்கடி கட்டி வந்தாலோ, வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்தாலோ, ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள், பி.வி.எல் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அரிதாக இதே கிருமி, பெரும்பாலும் ஃப்ளூ காய்ச்சலை ஒட்டி, நுரையீரலை அழிக்கும் நிமோனியாவாக மாறும். காய்ச்சலோடு மூச்சுத்திணறலோ சளியில் ரத்தமோ தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பி.வி.எல் இருந்தது என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.