எடுபிடி, கைத்தடி, அடியாள்: ஆறு வாரமா கார்டுல சேர்த்தது

ஆறு வாரம் ஆச்சு, ஷூ பாக்ஸ்ல இப்ப 43 கார்டு இருக்கு. கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஆளைப் பத்தின வார்த்தைங்க. தலைவன் தன் கையால செய்ய விரும்பாத வேலையை அவனுக்காக செய்யிறவனை என்னென்ன பேர்ல கூப்பிடுறோம், அவ்ளோதான் சப்ஜெக்ட்.

ஆரம்பிச்ச கதையைச் சொல்லிடறேன். நான் இருக்கிறது மும்பையில சயான் கோலிவாடா, ஆபீஸ் அந்தேரி பக்கம், ஹெச்ஆர் வேலை. போன வருஷம் ஒரே நாள்ல 11 பேரைக் கூப்பிட்டு வேலை இல்லைன்னு சொல்ல வேண்டி வந்துச்சு, லிஸ்ட் போட்டது மேல இருக்கிறவங்க, ரூம்ல உட்கார்ந்து முகத்தைப் பாத்து சொன்னது நான். அதுல ஒருத்தர் நம்ம ஊர்க்காரர், என்னை விட 15 வயசு பெரியவர், எப்பவும் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். பையை எடுத்துட்டு கதவு வரைக்கும் போயிட்டு திரும்பி, "நீயும் அடியாள் வேலை பாக்க ஆரம்பிச்சிட்டியேப்பா" அப்படின்னாரு. கோவமா கூட சொல்லல. அந்த வார்த்தை ரொம்ப நாள் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை 20 ரூபா கார்டு கட்டு வாங்கிட்டு வந்து முதல் கார்டுல அதையே எழுதினேன்.

எழுதும்போதே முதல் ஆச்சரியம். பழைய தமிழ்ல அடியாள்னா அடியவள், அடியானுக்குப் பெண்பால். காலடியில இருக்கிறவங்கிற அர்த்தம், பக்தியோட சொல்ற வார்த்தை. இப்ப நாம சொல்ற அடியாள்ல இருக்கிறது வேற அடி, அடிக்கிற அடி. எழுத்து அப்படியே இருக்கு, சாமி காலடியில இருந்த சொல்லு தெருச் சண்டைக்கு வந்திருச்சு. இந்த ஒரு கார்டுலயே எனக்கு ஆசை புடிச்சிருச்சு.

முதல் ரெண்டு வாரம் நிறைய தப்பு பண்ணேன். கிடைச்சதை எல்லாம் எழுதிட்டேன், ஜால்ரா, சம்ச்சா, ஆமாம் சாமி, இப்படி 14 கார்டு. அப்புறம் உட்கார்ந்து பாத்தா இவங்க எல்லாம் புகழ்றவங்க மட்டும்தான், கையில அழுக்கு படல. நான் தேடுறது செய்யிறவனை. அந்த 14-ஐயும் தனியா ரப்பர் பேண்ட் போட்டு வச்சிட்டேன், தூக்கிப் போட மனசு வரல. அதுக்கப்புறம் ஒவ்வொரு கார்டுலயும் மூணு வரி மட்டும்னு வச்சுக்கிட்டேன்: சொல்லுக்கு நேர் அர்த்தம், யாரு யாரைப் பாத்து சொல்லுவாங்க, ஏவுனவன் அந்தச் சொல்லுக்குள்ள தெரியுறானா இல்லையா. மூணாவது வரிதான் இப்ப எனக்கு முக்கியமாப் படுது.

தமிழ் கார்டுகளை வரிசையா தரையில பரப்பினா ஒரே கையா இருக்கு. கையாள், கைத்தடி, கைக்கூலி, கைப்பாவை, அல்லக்கை. பக்கத்து சீட்டு மராத்தி தோழர் அவங்க பேப்பர்ல இதே ஆளை ஹஸ்தக்னு எழுதுவாங்கன்னு சொன்னாரு, ஹஸ்தம்னா கைதானே, அதுவும் நம்ம கையாள் மாதிரியே. கைத்தடியை யோசிச்சுப் பாத்தா மனசு கொஞ்சம் கனக்குது, பெரியவர் நடக்கும்போது சேத்துல முதல்ல இறங்குறது தடிதான், அவர் செருப்பு இல்ல. கைக்கூலிக்கு இன்னொரு அர்த்தமும் கிடைச்சுது, தமிழ் முஸ்லிம் குடும்பங்கள்ல மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற பணத்துக்கும் கைக்கூலின்னுதான் பேரு, ஒரு நண்பன் சொல்லித்தான் தெரிஞ்சுது.

எனக்கு ரொம்பப் புடிச்ச கார்டு எடுபிடி. எடு, பிடி, ரெண்டுமே கட்டளை. அந்த ஆளோட பேர்ல அவன் எங்கயுமே இல்ல, உத்தரவு போடுறவன் குரல் மட்டும்தான் இருக்கு. மூணாவது வரியில "தெரியுறான்"னு தைரியமா எழுத முடிஞ்ச கார்டு இதுதான்.

நாலாவது வாரம் தாராவி 90 அடி ரோட்டுக்குப் போனேன். அங்க டீக்கடை வச்சிருக்கிற திருநெல்வேலி அண்ணாச்சி இங்க வந்து 40 வருஷம் ஆச்சு. கார்டைக் காட்டினதும் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொண்ணா படிச்சாரு. "பண்டர் எங்க தம்பி? பண்டர் இல்லாம பம்பாய் கணக்கு எப்படி முடியும்?" சரிதான், பாய்னா இங்க தாதா, அவருக்குக் கீழ ஓடுறவங்க பண்டருங்க, மும்பைக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை, எனக்குத்தான் தோணல. அப்புறம் சுபாரி. காசு வாங்கிட்டு ஆளை முடிக்கிறதுக்கு இந்த ஊர்ல பேரு சுபாரி, வெறும் கொட்டைப்பாக்கு. ஹிந்தியில பீடா உட்டானான்னு ஒரு சொலவடை இருக்கு, சபை நடுவுல வெத்தலை பீடா வைப்பாங்க, யார் எடுக்கிறானோ அவன் அந்த வேலையை ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். அண்ணாச்சி கேட்டுட்டு, "நாமளும் வெத்தலை பாக்கு மாத்தித்தானே நிச்சயம் பண்றோம், மாத்திட்டா பேச்சு மாறக் கூடாதுல்ல" அப்படின்னாரு. கல்யாணத்துக்கும் கொலைக்கும் ஒரே பாக்கு. அந்த கார்டை எழுதிட்டு அன்னைக்கு வேற எதுவும் எழுதல.

இங்கிலீஷ் கார்டு ஆறுதான் வச்சிருக்கேன். ஹெஞ்ச்மேன்னா ஆதியில குதிரைக்காரன், பழைய ஆங்கிலத்துல ஹெங்கெஸ்ட்னா ஆண் குதிரை. ஹாட்செட் மேன்னா கைக்கோடாலிக்காரன், 19-ஆம் நூற்றாண்டுல சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன்ல கும்பலுக்காக கொலை பண்ண ஆளுங்களை அப்படி சொன்னாங்க, அப்புறம் அரசியலுக்கு வந்துச்சு, இப்ப ஆபீஸ்ல ஆளைக் குறைக்க அனுப்புறவனுக்கும் அதே பேரு. அதாவது எனக்கு. அமெரிக்காவுல ஜனாதிபதி நிக்சனுக்கு ஆலோசகரா இருந்த சார்லஸ் கோல்சனை நிக்சனோட ஹாட்செட் மேன்னு பேப்பர்ல எழுதினாங்க. 1974-ல அவர் நீதியைத் தடுத்த குற்றத்தை ஒத்துக்கிட்டு ஏழு மாசம் ஜெயில்ல இருந்தாரு. அதே வருஷம் செப்டம்பர் 8-ஆம் தேதி நிக்சனுக்கு, அடுத்து ஜனாதிபதியான ஃபோர்டு முழு மன்னிப்பு குடுத்துட்டாரு. இதைப் படிச்ச ராத்திரிதான் "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" கார்டை எழுதினேன், சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச பழமொழி, அன்னைக்குத்தான் கேட்ட மாதிரி இருந்துச்சு.

சிலப்பதிகாரத்தையும் திரும்ப எடுத்தேன். கோவலனைப் பாத்துட்டு இவன் கொலைக்குரிய ஆளு இல்லைன்னு சொன்ன காவலர்களும் அங்க இருந்தாங்க, பொற்கொல்லன் பேசிப் பேசி அவங்க வாயை அடைக்கிறான், கடைசியில வாளை வீசுறது "கல்லாக் களிமகன் ஒருவன்". அவனுக்குப் பேரே இல்ல. ஆனா உண்மை தெரிஞ்சதும் பாண்டியன் அவனை இழுத்துட்டு வாங்கன்னு சொல்லல, "யானோ அரசன் யானே கள்வன்"னு சொல்லிட்டு அங்கயே விழுந்து சாகுறான். ஏவுனவன் தன் வாயால ஏத்துக்கிட்டதா என்கிட்ட இருக்கிற ஒரே கார்டு இது.

இந்த வாரம் ஸ்கூல் இலக்கணத்துல படிச்சது ஞாபகம் வந்துச்சு. மூன்றாம் வேற்றுமையில கருத்தா, அதாவது வேலைக்குச் சொந்தக்காரன், ரெண்டு வகை: அடுத்தவனை ஏவி செய்ய வைக்கிறவன் ஏவுதற் கருத்தா, தானே செய்யிறவன் இயற்றுதற் கருத்தா. கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டதுன்னா அது ஏவுதற் கருத்தா, அவன் கல்லு தூக்கல, சொன்னான், கட்டினாங்க. அணைன்னா பேரு ஏவுனவனுக்கு. கல்லு சுமந்தவனுக்கு நம்மகிட்ட பேர் இல்ல. அழுக்கு வேலைன்னு வந்துட்டா மட்டும் செஞ்சவனுக்கு பாக்ஸ் நிறைய பேர் கிடைக்குது, ஏவுனவனுக்கு தேடித் தேடி எய்தவன்னு ஒண்ணு. நான் பண்ண தப்பை இது குறைக்காது, 11 பேர் முகம் எனக்குத்தான் தெரியும். ஆனாலும் இந்தக் கணக்கு சரியில்லைன்னு தோணுது.

நேத்து 44-வது கார்டு எழுத உட்கார்ந்தேன், எனக்கான கார்டு. அன்னைக்குக் குடுத்த லெட்டர்ல இருந்த வரியைத் தமிழ்ல எழுதினேன், "தங்களைப் பணியிலிருந்து விடுவிக்க முடிவு செய்யப்பட்டுள்ளது." யாரால்ங்கிறது அந்த லெட்டர்ல எங்கயுமே இல்ல. கீழ கையெழுத்து என்னோடது. இயற்றுதற் கருத்தான்னு போட்டு என் பேரை எழுதிட்டேன், ஏவுதற் கருத்தாங்கிற இடம் இன்னும் காலியா இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமை அந்த அண்ணனுக்கு போன் பண்ணிப் பேசிட்டு நிரப்பலாம்னு கார்டை பாக்ஸ்ல போடாம மேஜை மேலயே வச்சிருக்கேன்.