கால் முறிந்தால் பூ கட்டுபவருக்கு என்ன நட்டம்? அம்மாவின் விபத்து வழக்கு

2022 ஆகஸ்டில் மதுரை ஒத்தக்கடை பக்கம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த அம்மாவை ஒரு கார் இடித்துத் தள்ளியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். அம்மாவுக்கு அப்போது 48 வயது. பூ கட்டி விற்பவர். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு 2025-இல் தீர்ப்பு வாங்கினோம். சம்பளச் சீட்டு இல்லாத குடும்பங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதனால் வக்கீல் எங்களை விரட்டிக்கொண்டே இருந்தார். எஃப்.ஐ.ஆர். நகல், போலீஸ் வரைந்த சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். மனுவை நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

காரின் இன்சூரன்ஸ் கம்பெனி, அம்மா திடீரென்று குறுக்கே ஓடி வந்ததாகப் பதில் போட்டது. நடந்து போகிறவர் வழக்கில் இது கட்டாயம் வரும். தவறில் அவருக்கும் பங்கு என்று கோர்ட் நினைத்தால் தொகையில் அத்தனை சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த வரைபடம். அம்மா விழுந்து கிடந்த இடம் எதிர்ப்பக்க ஓரத்துக்குச் சற்று முன்னால் குறிக்கப்பட்டிருந்தது. முக்கால்வாசி ரோட்டைக் கடந்துவிட்டவர் எப்படித் திடீரென்று வந்திருக்க முடியும்? அவர்கள் வாதம் அங்கேயே அடிபட்டுப் போனது.

உண்மையான போராட்டம் ஊனத்தைப் பற்றித்தான். மெடிக்கல் போர்டு 30 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில், “பூ கட்டுறது கையாலதானேம்மா? அதுல காலுக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

அம்மா கூண்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “விடியக்காலம் மாட்டுத்தாவணியில பூ எடுத்து, மூட்டையோட பஸ் ஏறணும்யா. கட்டுறதுக்குத் தரையில சம்மணம் போடணும். இந்தக் கால் இப்ப மடங்க மாட்டேங்குது. கட்டுன பூவைத் தெருத்தெருவா நடந்து வித்தாத்தான் காசு.” நீதிபதி அதை வரி விடாமல் பதியச் சொன்னார்.

உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பது ஒன்று, அதனால் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பது வேறு. உச்ச நீதிமன்றம் இதை 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2014-இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், வருமானத்துக்குக் காகிதம் இல்லாதபோதும் மாதம் 6,500 ரூபாய் என்று அதுவே நிர்ணயித்தது. எங்கள் வக்கீல் இரண்டு தீர்ப்புகளையும் தாக்கல் செய்தார். அம்மாவுக்கு வழக்கமாகப் பூ கொடுக்கும் கமிஷன் கடைக்காரர் சாட்சி சொல்ல வந்தார். வியாபாரத்தை விட்டுவிட்டு வந்த அந்த அண்ணனுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினார்கள். அங்கே முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அப்பீல் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி சொன்ன தொகை அந்த 30 சதவீத ஊனக் கணக்கைத் தாண்டவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

தீர்ப்பில் மாத வருமானம் 12,000. சொந்தத் தொழில், 40-லிருந்து 50 வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டி 15,000. ஒரு வருட வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 46 முதல் 50 வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 13. பிழைப்பு இழப்பை 40 சதவீதமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் மட்டும் 9,36,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, பிற்பாடு பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் எல்லாம் தனி. மனு போட்ட தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டி.

கம்பெனி அப்பீல் போகவில்லை, பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டது. ஒரு பகுதியை அம்மாவின் பெயரில் வைப்பு நிதியாகப் போட உத்தரவாகி, மீதி வங்கிக் கணக்குக்கு வந்தது. பிளேட்டை எடுக்கத் தேதி கேட்டிருக்கிறோம்.