நாமளா, நாங்களா

போன வாரம் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் "அப்பா, நாம வெள்ளிக்கிழமை லால்பாக் போறோம்"னா. நானும் லீவு சொல்லிடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன், அப்புறம்தான் தெரிஞ்சது கிளாஸ் பசங்க மட்டும் போறாங்களாம். "நாங்க போறோம்"னு சொல்லணும்டா கண்ணு. ஆனா இங்க பெங்களூர்ல அவ காதுல நாள் பூரா விழுறது கன்னடத்து நாவு, இந்தி ஹம், இங்கிலீஷ் வீ. மூணுலயும் கேக்குறவங்க சேர்த்தியா இல்லையான்னு அந்த வார்த்தைய வச்சு கண்டுபிடிக்க முடியாது.

இது எனக்கு உறைச்சதே மலாய் படிக்க ஆரம்பிச்ச அப்புறம்தான். மலேசியாவுல ஈப்போல சித்தி வீடு இருக்கு, அவங்களுக்காகத்தான் எடுத்தேன். கித்தா, காமி ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்ல என் இங்கிலீஷ் புக்கு அரைப் பக்கம் எடுத்துக்குது, நமக்கு ஒரே வரி, கித்தான்னா நாம, காமின்னா நாங்க. கப்பல், கடை, கட்டில் எல்லாம் நம்மகிட்ட இருந்து மலாய்க்குப் போன வார்த்தைங்க, ஆனா கித்தா காமி அப்படி இல்ல, அது அவங்க மொழிக் குடும்பத்துச் சொத்து. பிலிப்பைன்ஸ்ல தாகலோக்ல தாயோ, காமி. அந்தப் பக்கம் மடகாஸ்கர் வரைக்கும் இதே பிரிவு இருக்கு. தைவான்ல கிளம்பி ஈஸ்டர் தீவு வரைக்கும் படகுலயே பரவின குடும்பம், ஆயிரத்துக்கு மேல மொழிங்க. அஞ்சுக்கு மலாய்ல லிமா, சமோவால லிமா, நியூசிலாந்து மாவோரில ரிமா, மடகாஸ்கர் மலகாசில டிமி, ஹவாய்ல லிமான்னா கை! கைவிரலை எண்ணிப் பாத்தா விஷயம் புரிஞ்சிடும்.

இப்போ மாவோரி பக்கம் வந்திருக்கேன், இங்க நம்மள விட ஒரு படி மேல. நீயும் நானும் மட்டும்னா தாஉவ, மூணு பேரு அதுக்கு மேலன்னா தாத்தொஉ. உன்னை விட்டுட்டு நாங்க ரெண்டு பேருன்னா மாஉவ, நாங்க நிறைய பேருன்னா மாத்தொஉ. தாவுல ஆரம்பிச்சா கேக்குறவர் உள்ள, மாவுல ஆரம்பிச்சா வெளிய. எவ்ளோ அழகு பாருங்க.

நோட்டுல நான் தமிழ் எழுத்துலதான் எழுதுறேன், எல்லாருக்கும் இதையே சொல்லுவேன். மாவோரில குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறும், தஙத்தன்னா ஒரு ஆளு, தாஙத்தன்னா ஆளுங்க. இங்கிலீஷ் எழுத்துல எழுதுறப்போ நெடிலுக்கு மேல கோடு போட்டுக் காட்டுறாங்க, நமக்கு ஒரு கால் போதும். அப்புறம் அந்த ங! தமிழ்ல பெரும்பாலும் பின்னாடியே ஒரு க இல்லாம வெளிய வராத எழுத்து, அங்க தனியா நடுவுல உக்காந்திருக்கு, மலாய்லயும் பூவுக்கு புஙா. முதல் தடவை அதை க இல்லாம எழுதுனப்போ கை ஒரு நிமிஷம் நின்னுச்சு.

அந்த நாலு மாவோரி வார்த்தையையும் ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சு பொண்ணுக்கு சொல்லிக் குடுத்தேன், ரெண்டே நாள்ல பிடிச்சிட்டா. வெள்ளிக்கிழமை காலைல ஷூ மாட்டிட்டே "மாத்தொஉ லால்பாக் போறோம்"னா, ஒரு செகண்ட் விட்டு, "நாங்க போறோம்ப்பா"ன்னா.