அப்பா கப்பலில் வந்த வருடம்

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மழை கொஞ்சம் ஒதுங்கியதும் மெழுகுவர்த்திகளோடு போனோம். பாட்டா, பாட்டி, சுனாமியில் போன சித்தி என்று வரிசையாகக் கொளுத்தினோம். அப்பா எப்போதும்போல மதிலோரத்து வெறும் மணலில் இரண்டு திரியைத் தனியாக நட்டார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். யாருக்கு என்று இன்றுதான் கேட்டேன்.

"ஒருத்தன் எங்கூட இருந்தவன். இன்னொண்ணு ஒரு அம்மைக்கு. பேரு தெரியாது மக்ளே."

அவ்வளவுதான். காற்றில் அணைய அணையத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 6

பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்கிற மாதம். விரல் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தபின் இருபது வருடம் கடலில் வலை இழுத்த கை. கடைசியில் போனில் முகத்தைக் காட்டி முடித்தோம்.

நவம்பர் 9

அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் அப்பா இருந்தார். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையும் திரிகோணமலையை விட்டுக் கிளம்பியது. அப்பா வந்ததும் அந்த மார்ச்சில்தான், கப்பலில். அவர்களை வரவேற்பதா வேண்டாமா என்று இங்கே அரசியல் சண்டை நடந்த நேரம்.

எங்கள் ஊர் காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. 2004-இல் மணக்குடிப் பாலத்தை அலை கொண்டுபோனபோது ஏறக்குறைய தீவாகவே இருந்தோம். இங்கே யார் வீட்டில் மீன் பொரித்தாலும் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட ஊரில், இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கிய அப்பாவிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லையாம். தவக்காலம் வேறு. "எப்ப வந்த?" "நேத்து." முடிந்தது பேச்சு.

அதே வருடம் ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் புகுந்தது. அங்கிருந்து தப்பி வந்த பெரியப்பா வீட்டு முற்றத்தில் நடுச்சாமம்வரை கூட்டம், கதை, அழுகை. அப்பா ஓரமாக நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாராம். இதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் குரல் உடைந்தது. எனக்கும் தாங்கவில்லை. ஊரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? நான் பிறந்து வளர்ந்து இத்தனை வருடம் கேட்காதவள்தானே.

நவம்பர் 12

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். பழவிளை இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் அண்ணன் வருகிறார். மன்னார்ப் பக்கம், பேசாலை. ஏழு வயதில் வந்தவர். அம்மா சாயா கொடுத்தபோது "தேத்தண்ணி நல்லாருக்கு அம்மா" என்றார். திண்ணையில் இருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்தார்.

நவம்பர் 13

மத்தியானம் அப்பாவே ஆரம்பித்தார். "தம்பி, நான் உங்க ஊருல பட்டாளத்துல இருந்தவன்."

அண்ணனின் பிரஷ் சுவரிலேயே நின்றது. "எப்ப ஐயா?"

"எண்பத்தேழுலருந்து தொண்ணூறு வரைக்கும். யாழ்ப்பாணத்துல."

"நாங்கள் தொண்ணூறு ஆகஸ்டில வந்தனாங்கள். வள்ளத்தில." மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

ஒருவர் மார்ச்சில், ஒருவர் ஆகஸ்டில். ஒரே கடல், ஒரே வருடம். அப்பா வந்து சேர்ந்தது அவருடைய ஊருக்கு. அண்ணனுக்கு முப்பது வருடத்துக்கு மேலாகியும் முகாம்தான்.

சாப்பாடு முடிந்து இருவரும் திண்ணையில் இருந்தார்கள். நான் கதவருகில் நின்றேன். குருநகரில் சோதனைச் சாவடி. தமிழ் தெரிந்தவர் என்று அப்பாவைத்தான் மொழிபெயர்க்க நிறுத்துவார்களாம். கோயில் மணி, காயப்போட்ட வலை, கருவாட்டு வாசம், எல்லாம் நம்ம ஊர் போலவே. மகனைத் தேடி ஒரு வயதான அம்மா வந்திருக்கிறார். "நாளைக்கு வரச் சொல்" என்று அதிகாரி இந்தியில் சொல்ல, அப்பா தமிழில் சொன்னார். மூன்று நாளும் அதே பதில்.

"மூணாம் நாளு எம் முகத்தப் பாத்துக் கேட்டா. 'எங்கட பிள்ளை மாதிரி இருக்கிறாய், ஏன் தம்பி இந்த உடுப்போட வந்தனீ?' நாலாம் நாளு வரல்ல."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

நவம்பர் 25

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987-இல் யாழ்ப்பாணத்தில் இறந்த நாள். இலங்கைப் போருக்காகப் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் போரில் இந்தியப் படைவீரர்கள் ஏறக்குறைய 1,200 பேர் உயிரிழந்தார்கள். அதே வருடம் அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக்கொல்லப்பட்டதையும் நான் படித்திருக்கிறேன். அதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "நான் அங்க இல்ல. ஆனா கேள்விப்பட்டோம்" என்றார். வெகுநேரம் கழித்து, "எல்லாருக்கும் சேத்துத்தான் திரி கொளுத்தணும்" என்றார்.

டிசம்பர் 1, ஞாயிறு

பெயின்ட் வேலை முடிந்து ஒரு வாரம். பூசை முடிந்ததும் அப்பா நெத்திலிக் கருவாடு ஒரு பை நிறையக் கட்டினார். பழவிளைக்குப் போகிறாராம், அந்த அண்ணனின் அம்மாவைப் பார்க்க. நானும் வரட்டுமா என்றேன். "வேண்டாம் மக்ளே."

கோட்டாறு சவேரியார் திருவிழா நேரம், பஸ்ஸெல்லாம் கூட்டம். இருட்டிய பிறகுதான் வந்தார். பை காலி. இந்த முறை நான் விடவில்லை, வாசலிலேயே கேட்டேன். "என்னப்பா சொன்னாங்க?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எந்த ஊரு, எத்தன பிள்ளைன்னு கேட்டா. அப்புறம் தேத்தண்ணி தந்தா. குடிச்சேன்."